ஒரு சுளகுத் தவிடு

'அம்மா எண்டு கூப்பிட்ட உடனை திரும்பிப் பாக்கக்கூடாது. கேக்காத மாதிரி நிக்கவேணும். இன்னொருக்காக் கூப்பிடுவான். அதுக்குப் பிறகு திரும்பலாம்.'

ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பத்மாசனிக்கு இந்த நினைப்பில் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்த இடத்தால் புகை உள்ளே போய் இருமினாள். குசினி வாசலில் நின்ற நந்தன், "அக்கா, பால்" என்றான்.

அவள் வயிற்றில் பிறந்தவன் அவன். நாலு வயதாகப்போகிறது. பெற்றவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவன் அம்மா என்று கூப்பிடுவது குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அன்னப்பிள்ளையை.

பத்மாசனியின் முதற்பிள்ளை பிறந்த அன்றே போனது. இரண்டாவது தவழத் தொடங்கிய பிறகு போனது. டொக்டர் யோகநாதனுக்கு ஆலடிக்குளத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றம் வந்து, இங்கே மூன்றாவது பிறந்தபோது, விடியப்புறத்தில் பால் கொண்டுவரும் அன்னப்பிள்ளை பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதை எனக்கு வித்துப்போடுங்கோ" என்றாள். துடக்குக் கழிந்த அன்று ஒரு சுளகு தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினாள். யமன் வந்து டொக்டர் வீட்டுப் பிள்ளை எங்கே என்று தேடினால் அங்கே பிள்ளை இல்லை. தொட்டிலில் கிடப்பது வீரகத்தியர் பெண்சாதி அன்னப்பிள்ளை தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. யமனுக்கு அதிலே உரித்துக் கிடையாது. ஊர் அவனைத் தவிடன் என்றது. நித்திரை கொண்டதும் முலை குடித்ததும் பெற்றவளிடந்தான் என்றாலும், அந்த ஒரு சொல் மட்டும் பெற்றவளுக்கு இல்லை. அவன் வாயிலிருந்து அது அவளுக்கு வந்தால் ஏமாற்று யமனுக்கு வெளித்துவிடும். அக்காவாக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளை இருக்கிறானே என்று பத்மாசனி இருந்தாள்.

இப்போது அவனைத் திருப்பி வாங்கப் போகிறார்கள். யோகநாதனுக்கு இங்கிலாந்தில் வேலை சரிவந்துவிட்டது. தைப்பொங்கல் கழியக் கொழும்பில் கப்பல் ஏறவேண்டும். அவரைப் பெற்ற மாமி இதைக் கேட்டதும், "வித்த பிள்ளையைக் கடல் தாண்டிக் கொண்டுபோகப்படாது, ராசா" என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டா. யோகநாதனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இரண்டு பிள்ளைகளைப் புதைக்கத் தன் கையால் தூக்கிக் கொடுத்த மனிதர், மூன்றாவது பிள்ளையின் விஷயத்தில் தாயோடு வாதாடவில்லை. மார்கழி பிறந்தால் நல்ல காரியம் செய்ய ஏலாது. கார்த்திகை கழியமுன் வருகிற வெள்ளிக்கிழமை என்று நாள் வைத்தாயிற்று.

வெளியே மழை கொஞ்சம் விட்டிருந்தது. வாசற்படலை கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்கு அவளுடைய தோள்கள் தாமாகவே இறுகும். ஐந்து வருஷப் பழக்கம். ஆஸ்பத்திரி மதிலும் குவாட்டர்ஸ் மதிலும் ஒன்றுதான். சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு யாராவது வந்து நிற்பார்கள். காய்ச்சல், பாம்புக்கடி, யானை அடித்தது, வயிற்றாலே போகிறது. ஒருவரும் வெறுங்கையோடு வருவதில்லை. மான் வத்தல் வரும், தேன் வரும், முட்டியில் எருமைத் தயிர் வரும். அதுதான் பொல்லாதது. கத்திக்கொண்டு வருகிறவனிடம் கதவைச் சாத்தலாம். தயிர் முட்டியோடு தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறவனிடம் என்ன செய்வது? அவள் அறிய அந்த மனிதர் ஒரு நேரச் சோற்றைச் சூட்டோடு சாப்பிட்டதில்லை.

இன்றைக்கு வந்தது முத்தலிப். தண்ணீரூற்றில் கடை வைத்திருப்பவர். அவருடைய லொறி புளியங்குளத்துக்கு நெல் ஏற்றும். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய நேரம் நோயாளியையும் ஏற்றும்.

"டொக்டரம்மா, ஐயா நிக்கிறாரோ?"

"வாட்டிலை நிக்கிறார் நானா. ஏன், ஆருக்கும் சுகமில்லையோ?"

"எனக்குத்தான். நெஞ்சுக்கை என்னமோ பிசையுது."

"எப்ப தொடக்கம்?"

"ஐயா போறார் எண்டு கேள்விப்பட்ட நாள் தொடக்கம்."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டு விறாந்தைக் கதிரையின் நுனியில் இருந்தார். கொண்டுவந்த மண்ணெண்ணெய்த் தகரத்தைச் சுவரோரம் வைத்தார்.

"மெய்யே அம்மா, அங்கை குளிருக்குச் சனத்தை அலுமாரிக்குள்ளை விட்டுப் பூட்டுறதாமே?"

"ஆர் நானா சொன்னது?"

"என்ரை வீட்டுக்காரிதான். உம்மு ஹானி முல்லைத்தீவுக் கடற்கரையைத் தாண்டி ஒரு இடமும் போனதில்லை. லண்டன் மாத்திரம் விரல் நுனியிலை."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தபின்பும் அவர் எழும்பவில்லை. தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்துத் தட்டினார்.

"கோவிக்கக்கூடாது. சனம் கதைக்கிறதைச் சொல்லுறன். ஐயாவுக்கு இந்த இடத்திலை பட்சம். அம்மாவுக்குத்தான் எங்கடை காடும் நுளம்பும் ஒத்துவரேல்லையாம். அதாலைதான் போகினமாம்."

"ஆர் அப்பிடிக் கதைக்கிறது?"

அவர் படலையைப் பார்த்தார். "ஐயாதான் சொன்னவர். என்ரை கடை வாசலிலை வைச்சு. ஆக்கள் சூழ்ந்து கேக்க, 'என்ன செய்ய, அவாவுக்கு இஞ்சை ஏலாது' எண்டவர். பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

அவர் போனபிறகு பத்மாசனி தேத்தண்ணிப் பேணியைக் கழுவினாள். கழுவியதையே திரும்பவும் கழுவினாள். தான் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டதில்லைதான், ஆனால் நினைத்ததில்லையா? மாரி நாளில் தவளைச் சத்தம் காதை அடைக்கிறபோது நினைத்திருக்கிறாள். அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போகிறபோதெல்லாம் நினைத்திருக்கிறாள். நினைத்தது அவளுடைய வயிற்றுக்குள் இருந்தது. அதை அவர் எப்படிக் கண்டுபிடித்து, எடுத்துக்கொண்டு போய், முத்தலிப் கடை வாசலில் வைத்தார்? தன் பெட்டியைத் தான் இல்லாத நேரம் யாரோ திறந்தது போல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் அவள் அன்னப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். பிள்ளையைத் திருப்பி வாங்கக் கொடுக்கிற தவிடு, கடையில் வாங்கியதென்றால் குளக்கட்டுப் பிள்ளையாருக்குச் செல்லாதாம். பெற்றவள் தன் கையால் குத்தின தவிடு வேண்டுமாம்.

குளம் முட்டி, மிஞ்சின தண்ணீர் வழிந்து வான் பாய்ந்துகொண்டிருந்தது. கட்டின் மேலே நடக்கையில் அந்த இரைச்சல் காலுக்குள்ளால் ஏறியது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். பயிர் முழங்கால் மட்டத்துக்கு வந்து கரும்பச்சையாக நின்றது. நந்தன் முன்னே ஓடி, "அம்மா, நாங்கள் வந்திட்டம்" என்று கத்திக்கொண்டு அன்னப்பிள்ளையின் இடுப்பில் போய் மோதினான். அவள் அவன் வாயில் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்தாள்.

"வாங்கோ பிள்ளை. கையைக் காட்டுங்கோ. ஐயோ, பஞ்சு. இந்தக் கை உலக்கை பிடிக்குமோ?"

"பிடிக்கும் அக்கா."

"நாளைக்கு இடியப்ப உரல் பிடிக்கேலாது, சொல்லிப்போட்டன்."

மால் கொட்டிலுக்குள் உரல் இருந்தது. அன்னப்பிள்ளை தன்னுடைய உலக்கையை எடுத்தாள். மூலையில் சாத்தியிருந்த மற்றதை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்து நீட்டினாள்.

"இது ராசேஸின்ரை. பாரமில்லை."

பத்மாசனி வாங்கினாள். பிடிக்கிற இடம் மினுமினுவென்று தேய்ந்திருந்தது. இராசேஸ்வரி அன்னப்பிள்ளையின் ஒரே மகள். அவள் செத்து ஒரு வருஷம், ஆட்டைத் திவசம் போன கிழமைதான் முடிந்தது.

முதலில் உமி போகக் குத்தினார்கள். புடைத்து, அரிசியைத் திரும்ப உரலில் போட்டுத் தீட்டினார்கள். தீட்டத் தீட்டத்தான் தவிடு வரும். ஒருத்தி உயர்த்தும்போது மற்றவள் போடவேண்டும். பத்மாசனியின் உலக்கை இரண்டு மூன்று முறை மற்றதோடு முட்டியது.

"உயத்தேக்கை மூச்சை எடுங்கோ. போடேக்கை விடுங்கோ. ஆ, அப்பிடித்தான்."

உலக்கைகள் தாளத்துக்கு வந்தன. பிறகு அந்தத் தாளத்துக்குள்ளேயே அன்னப்பிள்ளை கதைத்தாள்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் வான் பாஞ்சது. ராசேஸுக்கு ரெண்டு நாளாப் பிள்ளைப்பேற்று நோ. பிள்ளை குறுக்கை கிடக்குது, வெட்டித்தான் எடுக்கவேணும், வவுனியாவுக்குக் கொண்டுபோவம் எண்டார் ஐயா. முத்தலிப் நானாவின்ரை லொறி. ஐயாவும் பின்னாலை ஏறி இவளின்ரை தலையை மடியிலை வைச்சுக்கொண்டு போனவர். நெடுங்கேணிக்கு இஞ்சாலை மதகை ஆறு கொண்டுபோட்டுது. அங்காலையும் போகேலாது. லொறியைத் திருப்பவும் இடமில்லை. ரோச் வெளிச்சத்திலை அவர் என்ன செய்யிறது சொல்லுங்கோ? றோட்டில்லாததுக்கு ஐயாவோ பொறுப்பு?"

உலக்கைகள் ஏறி இறங்கின. அன்னப்பிள்ளையின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. வேறு யாரோ ஒருத்தியின் மகளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

"ஒண்டு கேக்கட்டோ பிள்ளை?"

"கேளுங்கோ அக்கா."

"உங்களுக்கு இஞ்சை நாங்கள் என்ன குறை வைச்சனாங்கள்?"

பத்மாசனியின் உலக்கை உரல் விளிம்பில் பட்டுத் தெறித்தது. குனிந்து எடுத்தாள். அன்னப்பிள்ளையின் முகத்தில் கோபம் இல்லை. பால் திரைந்துபோனால் ஏன் திரைந்தது என்று முட்டியை மணந்து பார்ப்பாளே, அந்த முகம்.

"தவிடனைத் தரமாட்டன் எண்டு சொல்லேல்லை. உங்கடை பிள்ளை. தாறன். ஆனா ஏன் கொண்டுபோறியள் எண்டு பிள்ளையார் முன்னாலை கேப்பன். நீங்கள் சொல்லவேணும். வாங்கி வைச்சிருந்தவள் கேக்கலாந்தானே?"

"கேக்கலாம்" என்றாள் பத்மாசனி. உள்ளங்கையில் ஒரு கொப்பளம் உடைந்து ஈரமாகியிருந்தது.

வியாழன் பொழுதுபட யோகநாதன் வேளைக்கே வந்துவிட்டார். லாம்பைக் கிட்டக் கொண்டுவந்து அவளுடைய கையைப் பார்த்தார்.

"இதென்ன இது? கையைத் தாரும். நேற்றே காட்டியிருக்கலாமே."

மருந்து பூசி, சீலைத்துணி சுற்றிக் கட்டினார். அவருடைய விரல்கள் நோகாமல் வேலை செய்தன. நோயாளிகள் ஏன் இந்த மனிதரை விடமாட்டோம் என்கிறார்கள் என்று அவளுக்கு அந்த நேரம் விளங்கியது.

"எனக்கு இஞ்சை ஏலாதெண்டு நான் எப்ப சொன்னனான்?"

அவர் முடிச்சைப் போட்டு முடித்தார். "முத்தலிப் வந்தவரோ?"

"ஆர் வந்தா என்ன. நான் சொன்னனானோ?"

"ஆக்களுக்கு ஏதோ ஒண்டு சொல்லத்தானே வேணும்."

"உத்தியோகத்துக்குச் சிங்களச் சோதினை பாஸ் பண்ணச் சொல்லுகினம் எண்டு சொல்லலாமே. உங்களோடை படிச்ச கனகலிங்கத்தார் அப்பிடிச் சொல்லிப்போட்டுத்தானே போனவர்?"

"அதைச் சொன்னா இளையதம்பி வாத்தியார் கொழும்புக்குப் பெட்டிசம் எழுதுவார். மருந்தில்லை எண்டு சொன்னா மருந்து கேட்டுக் கச்சேரி ஒபீசுக்கு நடையாய் நடப்பினம். கவுண்மேந்து தாற காசு காணாதெண்டா ஆளுக்கொரு மூட்டை நெல்லு தாறம் எண்டுவினம், எனக்குத் தெரியும். என்ன சொன்னாலும் இவையளிட்டை அதுக்கொரு வழி இருக்கு. பெண்சாதிக்கு ஏலாதெண்டா மாத்திரம் ஒருத்தரும் மறுமொழி சொல்லமாட்டினம்."

அவர் சொன்ன விதத்தில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "அப்ப மெய்யாய் ஏன் போறியள்?" என்றாள்.

யோகநாதன் லாம்பின் திரியைக் குறைத்தார், பிறகு கூட்டினார்.

"தையிலை அன்னப்பிள்ளை புதிர் கொண்டந்து தந்தாவே, ஞாபகமோ?"

ஞாபகம் இருந்தது. மகள் செத்து இரண்டு மாதம். செத்த வீட்டில் பொங்கமாட்டார்கள். ஆனாலும் வயலில் வெட்டிய முதல் நெல்லைக் குத்தி, வழமை போல அந்தப் புதிர் அரிசியைப் பெட்டியில் கொண்டுவந்து, "ஐயாவுக்கு" என்று வைத்துவிட்டுப் போனாள் அன்னப்பிள்ளை.

"ஒரு சொல்லுத் திட்டியிருந்தா நான் இருந்திருப்பன் பத்மா. படுபாவி, என்ரை பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டாய் எண்டு மண் அள்ளி எறிஞ்சிருந்தா இருந்திருப்பன். அவா விடிய விடியப் பாலைக் கொண்டந்து, ஐயா சாப்பிட்டவரோ எண்டு கேக்கிறா. நான் அறைக்குள்ளை இருந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறன். நான் இஞ்சை டொக்டர் இல்லை. பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டிருக்கிற ஆள். அதுக்குப் புதிர் தருகினம்."

"அங்கை ஆக்கள் சாகாயினமோ?"

"சாவினம். ஆனா றோட்டில்லாமல் சாகாயினம்."

அவளுக்கு எட்டி அவருடைய தலையைத் தொடவேண்டும் போலிருந்தது. கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது. இவ்வளவையும் ஒரு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பாயில், தனக்குள் வைத்திருந்திருக்கிறார்.

"இஞ்சரும்," என்றார். "நாளைக்கு அவா கேப்பா. நீர் சொல்லும். எனக்கு இந்தக் காட்டிலை இருக்கேலாது, அதுதான் போறம் எண்டு. ஒரு சொல்லு. அதோடை முடிஞ்சிடும்."

"நீங்கள் இப்ப சொன்னதை அவாவிட்டைச் சொல்லலாமே."

"அந்த மனிசியின்ரை முகத்தைப் பாத்து என்னாலை ஏலாது. நான் கேட்டு நீர் ஒண்டுக்கும் மாட்டன் எண்டதில்லை."

அது மெய். மாற்றம் வந்த இடமெல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்திருக்கிறாள். ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் அவள் எழும்பிப் போய்ச் சோற்றைப் போட்டாள். படலை கிறீச்சிடவில்லை. முதல்முறையாக அவர் சூட்டோடு சாப்பிட்டார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்னப்பிள்ளை வீட்டில் கிடக்கிற பிள்ளையின் வெறும் இடத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கையில் யோசித்தாள். ஏலாது என்ற ஒரு சொல்லைக் கொடுத்தால் அம்மா என்ற ஒரு சொல் கிடைக்கும். கொடுக்கிற சொல்லும் முழுப் பொய்யல்ல. யாருக்கு நட்டம்? அன்னப்பிள்ளை தன் வாழ்நாள் முழுக்க, யாழ்ப்பாணத்துக்காரிக்கு எங்கடை ஊர் பிடிக்கேல்லை, நாங்கள் ஏதோ குறை வைச்சம் என்று நினைத்துக்கொண்டு பால் கறப்பாள். மகள் செத்ததில் இந்த மனிதர் உடைந்துபோனார் என்பது அவளுக்குத் தெரியவே வராது. அவளோடு சேர்ந்து அழுகிறதற்கு ஒருவர் இருந்தார் என்பதும் தெரியவராது. நினைக்க நினைக்க, அது சின்ன நட்டமாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மழை இல்லை, காற்று இருந்தது. குளக்கட்டின் கீழே மருதமரத்தடியில் பிள்ளையார். ஐயர் இல்லாத கோயில், வீரகத்தியர்தான் தீபம் காட்டுவார். அவர் நந்தனைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னமே வந்து நின்றார். முதல் நாள் பின்னேரமே வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். கடைசி இராவுக்கு எங்களோடை கிடக்கட்டும் என்று.

"டொக்டரையா, தவிடு விலை ஏறிப்போச்சு, கேள்விப்பட்டனீங்களோ?" என்றார் வீரகத்தியர். யோகநாதன் சிரிக்க முயன்றார்.

நந்தனுக்குத் தலையில் எண்ணெய் வழிய வாரி, புதுச் சட்டை போட்டிருந்தது. அன்னப்பிள்ளை வெளுத்த சேலை உடுத்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பத்மாசனி சுளகை இடுப்போடு அணைத்து, காற்றுக்குத் தவிடு பறக்காமல் முந்தானையால் மூடியிருந்தாள்.

கற்பூரம் காட்டினார்கள். வீரகத்தியர் பிள்ளையை இறக்கி இரண்டு பெண்களுக்கும் நடுவில் விட்டார்.

"அம்மா, இப்பவோ சொல்லுறது?" என்று நந்தன் அன்னப்பிள்ளையைக் கேட்டான். வீட்டில் பழக்கியிருக்கிறார்கள்.

"பொறு ராசா. நான் முதல் கேக்கவேணும்." அவள் பத்மாசனியைப் பார்த்தாள். "தவிட்டுக்கு வாங்கின பிள்ளை. நான் ஒரு குறையும் வைக்கேல்லை. ஏன் பிள்ளை கொண்டுபோறியள்?"

வான் பாய்கிற சத்தம் கேட்டது. யோகநாதன் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கால் விரல்களுக்கிடையில் சேறு. அவருடைய உதடு அசைந்தது, சொல்லும் என்கிறார். பத்மாசனியின் நாவில் ஏலாது என்ற அந்தச் சொல் வந்து நின்றது. முழுதாக, பழுத்து நின்றது. அதற்குக் கீழே, புதுச்சட்டைக்காரனின் வாயில் மற்றச் சொல் காத்திருந்தது.

அவள் நடந்தாள். அன்னப்பிள்ளையிடம் அல்ல. புருஷனுக்கு முன்னால் போய் நின்று, முந்தானையை விலக்கிச் சுளகை நீட்டினாள்.

"அதை நான் சொல்லமாட்டன்," என்றாள். அவருக்கு மட்டும் கேட்கிற குரல். "நீங்கள் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு நீங்களே குடுங்கோ."

"பத்மா, நேரம் போகுது."

"போகட்டும்."

அவர் கையை நீட்டவில்லை. காற்று தவிட்டின் மேற்பரப்பை மெல்ல எடுத்து அவருடைய வேட்டியில் தூவியது. அவள் கட்டுப்போட்ட கை நோக, சுளகை இறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னால், நின்று அலுத்துப்போன பிள்ளை, "அம்மா" என்றான். கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கா, "அம்மா" என்றான்.

எந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டான் என்று அறிய அவள் திரும்பவில்லை.